கருங்காலியா செம்மரமா? வாசகர் கேள்வி பதில்

கருங்காலி மாலை இப்போ எல்லார் கழுத்துலயும் கிடக்கு. செம்மரம்தான் அழியுற மரம், கருங்காலிக்கு அப்படி ஒண்ணும் இல்லைன்னு கடைக்காரர் சொல்றார். அப்போ தாராளமா வாங்கலாமா?
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

வாங்காதீங்கம்மா. செம்மரம் ஆபத்துல இருக்குன்னு அவர் சொன்னது சரி. ஆந்திராவுல சேஷாசலம், வேலிகொண்டா மலைப்பக்கம்தான் அது இயற்கையா வளருது, வேற நாட்டுல கிடையாது. அழியுற உயிரினங்களோட உலக வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சைட்டிஸ் ஒப்பந்தத்துல 1995லயே ரெண்டாவது பட்டியல்ல சேர்த்து ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டாங்க, உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் அதோட ஆபத்து நிலையை 2018ல ரெண்டு படி இறக்கி வச்சுட்டு 2021ல திரும்பவும் 'அழியும் நிலை'க்கே கொண்டுவந்துட்டாங்க. இந்தக் கட்டைக்காக 2015 ஏப்ரல்ல நம்ம தமிழ்நாட்டு ஆளுங்க 20 பேர் அந்தக் காட்டுல சுடப்பட்டு செத்தாங்க, அதை மறக்க முடியல.

கருங்காலி கதை வேற. சில ஊர்ல வேற மரத்தையும் இந்தப் பேர்ல சொல்வாங்க, நான் சொல்றது தும்பிலி வகையறாவைச் சேர்ந்த, டயோஸ்பைரஸ் எபெனம்ங்கிற அறிவியல் பேர் உள்ள மரம். ஐயூசிஎன் இதை 1998ல 'போதிய தகவல் இல்லை'ன்னு போட்டுச்சு. அப்படின்னா மரம் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லைங்க, எவ்வளவு மிச்சம் இருக்குன்னு முடிவு சொல்லவே கணக்கு பத்தலைன்னுதான் அர்த்தம், எனக்கு அதுதான் இன்னும் பயமா இருக்கு. ஏன்னா இது ரொம்ப மெதுவா வளர்ற மரம், வெளிக்கட்டை வெளுப்பாதான் இருக்கும், நடுவுல வைரம் பாஞ்ச இடம் மட்டும்தான் கருப்பு, அதுக்கு மரம் நல்லா முத்தணும். அதனால மாலைக்குன்னு தேடிப்போறவன் கிழ மரத்தைத்தான் வெட்டுவான், விதை போடுறதும் அதே மரம்தான். இது வளர்ற உலர் பசுமைமாறாக் காடும் நம்ம கடலோரத்துல புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு மாதிரி துண்டு துண்டாதான் மிச்சம் இருக்கு. சாயம் ஏத்தின வேற கட்டையையும் கருங்காலின்னு விக்கிறாங்க, அது தனி ஏமாத்து.

பட்டா நிலத்துல செம்மரம் வச்சிருக்கேன், வெட்டி விக்கலாமா?
– வாசகர், நெல்லிக்குப்பம், கடலூர் மாவட்டம்

வளர்க்கத் தடை இல்லை. வெட்டவும் வண்டியில ஏத்தவும் வனத்துறை அனுமதி கட்டாயம், அதனால இப்பவே விஏஓ கிட்ட சொல்லி அடங்கல்ல, அதாவது எந்த நிலத்துல என்ன இருக்குன்னு எழுதுற கிராமக் கணக்குல, மரங்களை ஏத்திடுங்க.