எட்டாம் ஹென்றி 'தலைவர்', எலிசபெத் 'ஆளுநர்': அச்சுப்பிழை இல்லை

ஒரு புத்தகம் ஹென்றியைத் 'தலைவர்' என்கிறது, இன்னொன்று எலிசபெத்தை 'ஆளுநர்' என்கிறது, இது அச்சுப்பிழையா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் இரண்டு புத்தகங்களும் சரிதான். 1534 சட்டம் எட்டாம் ஹென்றியை இங்கிலாந்துத் திருச்சபையின் 'உச்சத் தலைவர்' என்றது. 1559 சட்டம் முதலாம் எலிசபெத்தை 'உச்ச ஆளுநர்' என்றது. வேண்டுமென்றே மாற்றிய சொல் அது.

கத்தோலிக்கருக்குத் தலைவர் போப். புராட்டஸ்டண்டுகள் பலருக்குக் கிறிஸ்து மட்டுமே. அதிலும் ஒரு பெண் திருச்சபைக்குத் தலைவர் என்பது இரு தரப்புக்கும் உறுத்தியது. 'ஆளுநர்' என்றதும் அந்த உறுத்தல் கொஞ்சம் தணிந்தது.

இரு தரப்பையும் சேர்த்துப்பிடிக்கத்தான் சொற்களைத் தேர்ந்தார்கள் என்பதில் நம்பிக்கை வரவில்லையா? அந்தத் திருச்சபையின் 1559 ஜெபப் புத்தகத்தில், நற்கருணை எனும் புனித அப்பத்தைக் கொடுக்கும்போது குரு சொல்லும் வரிகளைப் பாருங்கள். 'உனக்காகக் கொடுக்கப்பட்ட கிறிஸ்துவின் சரீரம்' என்ற முதல் பாதி, பழைய கத்தோலிக்க வழிக்கு நெருக்கமான 1549 ஜெபப் புத்தகத்திலிருந்து வந்தது. 'கிறிஸ்து உனக்காக மரித்ததை நினைவுகூர்ந்து உண்' என்ற அடுத்த பாதி, புராட்டஸ்டண்டு சாய்வு கூடிய 1552 புத்தகத்துடையது. அப்பம் உண்மையில் கிறிஸ்துவின் உடலா, வெறும் நினைவுச் சின்னமா என்று உயிரைக் கொடுத்துச் சண்டையிட்டவர்கள் ஒரே வரிசையில் மண்டியிட முடிந்தது. எனக்கு இது அந்தக் காலத்தின் மிக அழகான ஒட்டுவேலை.

ஒன்று மட்டும், பட்டம் மென்மையானதால் அதிகாரமும் குறைந்தது என்று கட்டுரையில் எழுதிவிடாதீர்கள். எலிசபெத்தை உச்ச ஆளுநராக ஏற்கும் உறுதிமொழியை எடுக்க மறுத்த, அவருக்கு முன் ஆண்ட கத்தோலிக்க அரசி மேரி காலத்துப் பிஷப்புகள் பதவி இழந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வராதவருக்கு 12 பென்ஸ் அபராதம்.