கருவிலும் வளர்ந்தவரிடமும் மூளை இரத்தக்குழாய்கள்: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, உடலியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவர் எழுதிய பதில்கள்.

கேள்வி (ஆறாம் படிவ மாணவர்): ஐயா, மூளையின் இரத்தக்குழாய்களுக்கு நரம்புகள் எங்கிருந்து வருகின்றன?

பதில்: தம்பி, கழுத்தின் மேற்பகுதியிலுள்ள பரிவு நரம்பு (பதற்ற நேரத்தில் உடலைத் தானாக முடுக்கிவிடும் நரம்பு) முடிச்சிலிருந்து வரும் இழைகள் நோர்அட்ரினலின் என்னும் வேதிப்பொருளைச் சுரந்து குழாயைச் சுருக்குகின்றன. முகத்தின் உட்புறத்திலுள்ள துணைப்பரிவு (ஓய்வு நேரத்தில் உடலை அமைதிப்படுத்தும் நரம்பு) முடிச்சுகளின் இழைகள் நைட்ரிக் ஆக்சைடு முதலியவற்றால் அதை விரிக்கின்றன. முகத்தின் உணர்வை ஏந்தும் முக்கிளை நரம்பின் உணர்விழைகளும் விரிக்கவே செய்கின்றன. இவையெல்லாம் மூளையின் மேற்பரப்பில் ஓடும் தமனிகளுக்கு உரியவை. குழாய் மூளைக்குள் ஆழமாக இறங்கியபின், மூளையின் சொந்த நரம்பணுக்களும் அவற்றைச் சூழ்ந்த நட்சத்திர அணுக்களுமே அதற்குக் கட்டளையிடுகின்றன.

கேள்வி (தமிழ்ப்பள்ளி ஆசிரியை): நோர்அட்ரினலின் கருவிலும் பெரியவரிடமும் ஒன்றே என்றால், மாறுவதுதான் என்ன?

பதில்: பெருமளவு மாறுவது கட்டளையைப் பெறும் தசை, டீச்சர். நோர்அட்ரினலின் தமனித் தசையணுவின் ஆல்ஃபா-1 ஏற்பியில் (கட்டளையைப் பெறும் புரதத்தில்) பொருந்தியதும், முதிர்ந்த அணு தன் உள்ளே சேமித்து வைத்திருக்கும் கால்சியத்தை விடுவித்துச் சுருங்குகிறது. கருவின் அணுவிலோ அந்த உட்சேமிப்பு முழுமையாக வளர்ந்திராததால், சவ்விலுள்ள வழிகளின் ஊடே வெளியிலிருந்து நுழையும் கால்சியத்தையே அது பெரிதும் நம்பியிருக்கிறது. பெரட்டில் (காலையில் தோட்ட வேலைக்கு ஆள் கூடும் இடத்தில்) கங்காணியின் குரல் ஒன்றுதான். பழைய ஆள் கத்தியை இடுப்பிலேயே வைத்திருப்பார், புதிய ஆள் ஸ்டோருக்குப் போய் வாங்கிவர வேண்டும். ஆனால் கருவின் தமனியைக் குறைபாடுள்ளது என்று எண்ணிவிடக் கூடாது: அதன் சுருங்கு புரதங்கள் கால்சியத்துக்குக் கூடுதல் கூர்மையுடன் வினைபுரிவதால், அதே அளவு கால்சியத்தில் பெரியவரின் தமனியைவிட அதிக இழுப்பைத் தர வல்லவை. மனிதக் கருவில் இத்தகைய சோதனை செய்ய இயலாது என்பதால், இந்த அறிவின் பெரும்பகுதி செம்மறியாட்டுக் கருக்களிலிருந்து கிடைத்தது. பிறந்த ஆட்டுக்குட்டியில் பரிவு நரம்பைத் தூண்டினால் மூளை இரத்த ஓட்டம் வளர்ந்த ஆட்டில் குறைவதைவிட அதிகமாகக் குறைகிறது என்பதும் அப்படித் தெரிந்ததே.

கேள்வி (ஒரு பாட்டி): பேத்தி 29 வாரத்திலேயே பிறந்து ஈப்போவில் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். தலையை ஏன் ஸ்கேன் செய்கிறார்கள்? வீட்டுக்கு வந்ததும் குளிப்பாட்டித் தலையை உருட்டிவிடலாமா?

பதில்: அம்மா, அந்த வயதுக் குழந்தையின் மூளை அறைகளை ஒட்டி மிக மெல்லிய இரத்தக்குழாய்கள் நிறைந்த ஒரு திசு இருக்கும், நிறைமாதம் நெருங்கும்போது அது தானாகவே கரைந்துவிடும். அதற்கு முன்பே பிறந்துவிட்ட குழந்தைக்கு இரத்த அழுத்தம் ஏறி இறங்கினால், ஓட்டத்தை நிதானப்படுத்தும் ஆற்றல் முதிராத நிலையில் அவ்விடத்தில் கசிவு ஏற்படலாம். பெரும்பாலும் முதல் 3 நாட்களுக்குள் ஏற்படும் இக்கசிவை, உச்சிக்குழியின் வழியே ஒலியலை செலுத்திப் பார்க்கிறார்கள். அதில் வலியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. தாதியர் குழந்தையை அடிக்கடி புரட்டாமல் இருப்பதும் இதற்காகவே. தலையை உருட்டுவதும் அழுத்துவதும் வேண்டவே வேண்டாம். இந்த ஒரு வழக்கத்தை நம் வீடுகள் விட்டுவிட்டால் நல்லது.

கேள்வி (செம்பனைத் தோட்டத் தொழிலாளி): எனக்குப் பல வருடமாக இரத்தக்கொதிப்பு. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தும், அண்ணே. சராசரி அழுத்தம் ஏறத்தாழ 60 முதல் 150 மில்லிமீட்டர் பாதரசம் வரை மாறினாலும் ஆரோக்கியமான மூளைத் தமனிகள் தாமே சுருங்கியும் விரிந்தும் ஓட்டத்தைச் சீராக வைத்திருக்கும் என்று பாடநூல்கள் கூறுகின்றன. அழுத்தம் திடீரென எகிறும்போது பரிவு நரம்புகளும் கைகொடுக்கின்றன. நெடுநாள் கொதிப்பில் தமனிச் சுவர் தடித்து இந்த வரம்பு மேல்நோக்கி நகர்ந்துவிடுகிறது. ஆகவே மற்றவருக்கு இயல்பாக இருக்கும் அழுத்தத்துக்கு உங்கள் அழுத்தம் சடாரென இறங்கினாலும் மூளைக்கு இரத்தம் போதாமல் போகலாம். நேற்று மறந்த மாத்திரையை இன்றைக்குச் சேர்த்துப் போடாதீர்கள். மருந்து தீரப்போகிறது என்றால் தவணைக்கு முன்பே கிளினிக்குக்குப் போய்க் கேளுங்கள்.