எர்ப் வாதம் என்றால் என்ன? அந்தக் காலத்தில் என்ன வைத்தியம் பார்த்தார்கள்?

பிரசவத்தில் குழந்தையின் தோளோ கையோ சிக்கி, கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் இழுபட்டால் கை துவண்டு தொங்கும். அதுதான் எர்ப் வாதம். இயர்போன் வயரைச் சுண்டி இழுத்த மாதிரி: வெளியே உறை நன்றாகவே இருக்கும், உள்ளே கம்பி விட்டிருக்கும்.

1859-இல் பெர்லினில் தலை திரும்பாமல் பிறந்த பிரஷ்ய இளவரசர், பின்னாளில் ஜெர்மானியப் பேரரசரான இரண்டாம் வில்ஹெல்முக்கு இடது கை இப்படித்தான் ஆனது. அப்போதுதான் அறுத்த முயலின் உடல் சூட்டுக்குள் அந்தப் பிஞ்சுக் கையை வைத்தார்கள். மின்சாரமும் பாய்ச்சிப் பார்த்தார்கள். பாவம் பிள்ளை! கை வளராமல் குட்டையாகவே நின்றுவிட்டது. கழுத்தின் ஐந்தாம், ஆறாம் நரம்பு வேர்கள் சேரும் இடத்தில்தான் கோளாறு என்று ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் வில்ஹெல்ம் எர்ப் (பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்) காட்டியது 1874-இல்.

பிரசவம் பார்த்தவர் இழுத்ததால்தான் எப்போதும் இப்படி ஆகிறது என்பது தவறு. தோள் சிக்கிக்கொண்டால், கருப்பை தள்ளும் வேகத்திலேயே நரம்பு இழுபடலாம்.