மொத்த நீளம் ஒன்றுதான், இறங்கிய ஆழம் வேறு

9 மி.மீ. துப்பாக்கித் தோட்டாக்களை நீங்களே நிரப்பும்போது, 124 கிரெயின் (சுமார் 8 கிராம்) உருண்டை முனைக் குண்டிலிருந்து அதே எடையுள்ள குழிமுனைக் குண்டுக்கு மாறியிருக்கிறீர்கள். வெடிமருந்தின் அளவும் தோட்டாவின் மொத்த நீளமும் அப்படியே இருக்க, வேகம் மட்டும் ஏறிவிட்டது என்கிறீர்கள். வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபைச் சந்தேகப்பட வேண்டாம்.

முனையில் குழி இருப்பதால், அதே எடைக்குக் குண்டு பெரும்பாலும் நீளமாகிவிடும். அந்த அதிகப்படி நீளம் தோட்டாவின் உலோக உறையான கூட்டுக்குள்தான் இறங்கும். காலிப்பரால் அளந்து பாருங்கள்: குண்டின் நீளத்தையும் கூட்டின் நீளத்தையும் சேர்த்து, மொத்த நீளத்தைக் கழித்தால் ஆழம் வந்துவிடும். 9 மி.மீ. கூட்டின் நீளமே 19.15 மி.மீ. தான். குண்டு அரை மி.மீ. அதிகமாக இறங்கினாலும் மருந்துக்கான இடம் நன்றாகவே சுருங்கும், அழுத்தம் ஏறும். வேகம் ஏறியது கண்ணில் படுகிறது, அழுத்தம் படாது. எனக்குக் கவலை அதில்தான்.

மீதியுள்ள தோட்டாக்களைச் சுடாதீர்கள். அந்தக் குண்டுக்கென்றே தோட்டா நிரப்பும் கையேடு தரும் தொடக்க அளவிலிருந்து, அது சொல்லும் நீளத்திலேயே மறுபடி ஆரம்பியுங்கள். அப்புறம், மருந்தும், அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத தோட்டா ஒன்றை மேகசினிலிருந்து சிலமுறை ஏற்றி இறக்கி அளந்து பாருங்கள். நீளம் குறைந்திருந்தால் குண்டு உள்ளே தள்ளப்பட்டிருக்கிறது, கூட்டின் பிடிமானம் போதவில்லை. குண்டைப் பொருத்துமுன் கூட்டின் வாயை அகட்டுவதைக் குறையுங்கள்.