ஒற்றை ஆட்டம் – கடிதம்

வணக்கம் சார்,
பேஸ்பாலில் வைல்டு கார்டு சுற்றை ஒரே ஆட்டத்தில் முடித்தது அநியாயம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிவிஷனில், அதாவது லீகில் தன் பிரிவில், முதலிடம் வராத அணிக்கு இப்படி ஒரு வாய்ப்பு கிடைப்பதே பெரிய விஷயம். கிரிக்கெட் உலகக் கோப்பையில் அரையிறுதியும் ஒரே மேட்ச்தானே?
– ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

கிரிக்கெட்டிலிருந்தே தொடங்குகிறேன். ஒருநாள் போட்டியில் எவ்வளவு பெரிய பவுலருக்கும் 10 ஓவர்தான். பேஸ்பாலில் அந்தக் கட்டு கிடையாது. ஒரே பிட்சர் (பந்து வீசுபவர்) முழு ஆட்டமான 9 இன்னிங்ஸும் வீசலாம். ஆனால் வீசி முடித்தால் அவருக்கு நாலு நாளாவது ஓய்வு வேண்டும். அதனால்தான் ஐந்து பேரை மாற்றி மாற்றி இறக்கி ஒரு சீசனின் 162 ஆட்டங்களை ஓட்டுகிறார்கள். ஒற்றை ஆட்டம் என்றால் மற்ற நால்வருக்கும் வேலையே இல்லை.

2015 அக்டோபர் 7, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு வைல்டு கார்டு ஆட்டம். நமக்கு மறுநாள் விடிகாலை. அந்த ஊர் அணியான பைரேட்ஸ் சீசனில் 98 வெற்றி, எதிரணியான சிகாகோ கப்ஸ் 97. கப்ஸுக்கு வீசியவர் ஜேக் அர்ரியேட்டா. அந்த சீசனின் பின்பாதியில் 9 இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த ரன் சராசரி (ஃபீல்டிங் பிழையால் வந்தவை நீங்கலாக) 0.75! அன்றும் கடைசிவரை அவரே வீசினார். 11 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட்), ஒரு ‘வாக்’ (நாலு தவறான பந்துக்கு பேட்டருக்கு இலவச பேஸ்) கூட இல்லை, கப்ஸுக்கு 4-0 வெற்றி. நடுவில் நடந்த தள்ளுமுள்ளில் வெளியேற்றப்பட்ட பைரேட்ஸ் வீரர் ஷான் ரோட்ரிகஸ், வீரர்கள் உட்காரும் டக்அவுட்டில் இருந்த குளிர்பானக் கூலரை இரண்டு கையாலும் குத்து குத்தென்று குத்தினார். பலர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. ஆறு மாத உழைப்பு சார் அது.

டிவிஷனை வென்றவருக்குச் சலுகை வேண்டும் என்பது சரி. ஆனால் பைரேட்ஸும் கப்ஸும் இருந்த டிவிஷனில் முதலிடம் பிடித்த கார்டினல்ஸ் 100 வெற்றி. அமெரிக்க பேஸ்பாலின் முதன்மை லீகான மேஜர் லீக் முழுவதிலும் முதல் மூன்று இடங்கள் இந்த மூன்று அணிகளுக்குத்தான்! பக்கத்து டிவிஷனில் 90 வெற்றியோடு முதலிடம் வந்த மெட்ஸ், நேரே அடுத்த சுற்றான ஐந்து ஆட்டத் தொடருக்குப் போய்விட்டார்கள்.

ஒற்றை ஆட்டத்தின் பரபரப்பை நான் மறுக்கவில்லை. 2013இல் இதே மைதானத்தில் நடந்த வைல்டு கார்டு ஆட்டத்தில், ஊரே எதிரணி ரெட்ஸின் பிட்சர் க்வேட்டோவின் பெயரை ராகம் போட்டுக் கத்த, அவர் கையிலிருந்து பந்து நழுவியது. அடுத்த பந்தில் பைரேட்ஸின் ஹோம் ரன் (நம் சிக்சர் மாதிரி). 1992க்குப் பிறகு முதல்முறையாக பிளேஆஃப் (சீசன் முடிந்தபின் நடக்கும் கோப்பைச் சுற்றுகள்) பார்த்த ஊர் அது. இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கிறது.

2022 முதல் வைல்டு கார்டு சுற்றில் மூன்று ஆட்டத்தில் இரண்டு வென்றால்தான் அடுத்த சுற்று. ஓர் அர்ரியேட்டா வந்தாலும் அவரால் ஒருநாள்தான் வீச முடியும். எனக்கு அது போதும். பைரேட்ஸுக்குத்தான் ஏழு வருடம் தாமதம். 2015க்குப் பிறகு 2025 வரை அவர்கள் பிளேஆஃபுக்கே வரவில்லை.