மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை: எந்தப் பக்கம் நிற்கிறீர்கள்?

தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் வாசகர்களிடமிருந்து மலையைப் பற்றிய கேள்விகள் குவிந்துவிடும். இந்த முறை வந்ததில் சில.

ஆடியில் பாலக்காட்டில் மழை கொட்டுகிறது. பக்கத்திலேயே இருக்கும் கோவையில் காற்றுதான் அடிக்கிறது. ஏன்?

அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் முட்டி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, ஈரத்தின் பெரும்பகுதியை மேற்குச் சரிவிலேயே மழையாக இறக்கிவிடுகிறது. முகட்டைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அதே காற்று சூடாகி உலர்ந்துபோகிறது. கிழக்குப் பக்கத்தை மழைமறைவுப் பகுதி என்பது இதனால்தான்.

கோவைக்கு இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடர் அறுந்து கிடக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். காற்றை மேலே தூக்கிவிட அங்கே மலை இல்லை. அதனால் அது வேகம் பிடித்துக் கிழக்கே பாய்கிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்கு இந்தக் கணவாயே காரணம். கோவைக்கு முக்கியமான மழை ஐப்பசி, கார்த்திகையில். ஆனால் கோவை குடிக்கும் சிறுவாணித் தண்ணீரில் பெரும்பங்கு கேரளப் பக்க மலைகளில் பெய்யும் ஆனி, ஆடி மழைதான்.

மலை உயர்ந்தால் மழையும் கூடும், சரிதானே?

அப்படிச் சொல்ல முடியாது. தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம் ஆனைமுடி, 2,695 மீட்டர். மழைக்குப் பேர்போன ஆகும்பே, கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், சுமார் 650 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அங்கே ஆண்டுக்கு 7,000 மி.மீ. அளவுக்குப் பெய்கிறது. கடலைப் பார்த்த செங்குத்தான மலை விளிம்பில் ஊர் அமைந்திருப்பதுதான் விஷயம். உயரத்தைவிட, சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

ஜூலையில் நீலகிரி போகலாமா? குன்னூர் நண்பர் மழையே இல்லை என்கிறார், கூடலூர் நண்பர் வெளியே தலைகாட்ட முடியவில்லை என்கிறார்.

இருவர் சொல்வதும் நிஜம். கூடலூர், தேவாலா, அவலாஞ்சி எல்லாம் தென்மேற்குக் காற்றை நேராக வாங்கும் இடங்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பெய்தது. குன்னூரும் கோத்தகிரியும் தொட்டபெட்டா மலைக்குக் கிழக்கே, சமவெளியைப் பார்த்து இருக்கின்றன. அவற்றுக்கு நல்ல மழை தருவது வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பரில் பெரிய மண்சரிவுகள் ஏற்பட்டதும் இந்தப் பக்கம்தான். ஊட்டி இரண்டுக்கும் நடுவே. மேற்கே குந்தா மலைகள் முதல் அடியைத் தாங்கிக்கொள்வதால், ஜூலையில் பெரும்பாலும் மூடுபனியும் விட்டு விட்டுத் தூறலும்தான்.

அதனால் ஜூலையில் ஊட்டி, குன்னூர் போகலாம். மாவட்ட நிர்வாகம் எச்சரிக்கை விடுத்திருந்தால் கூடலூர்ப் பக்கம் வேண்டாம்.

குற்றாலத்தில் மட்டும் எப்படிச் சாரல்?

அங்கேயும் ஒரு கணவாய்தான். செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகவும் தாழ்ந்த முகடுகளைத் தாண்டியும் கேரளத்து மேகம் கொஞ்சம் வழிந்து வருகிறது. மலை உச்சியில் நல்ல மழை, கீழே சாரல். கேரளத்தில் பருவமழை ஓய்ந்தால் அருவியும் மெலிந்துவிடும்.

மண்சரிவு வரப்போவதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும். மலையில் கெட்டிப் பாறைக்கு மேல் மண் போர்த்திக் கிடக்கிறது. பல நாள் மழையில் மண் முழுக்க ஊறிய பிறகு ஒரு பெருமழை அடித்தால், உள்ளே தேங்கிய நீரின் அழுத்தத்தில் மண் பிடிமானம் இழந்து வழுக்குகிறது. 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் நடந்தது இப்படித்தான். காட்டுக்குள் தொடங்கும் சரிவுகளும் உண்டு. ஆனால் சாலைக்காகவும் வீட்டுக்காகவும் சரிவின் அடியை வெட்டுவதும் ஓடையை மூடிக் கட்டுவதும் ஆபத்தைக் கூட்டுகின்றன. இதைத் தடுக்காமல் விடுவது எனக்கு ஆறாத வருத்தம்.

கவனிக்க வேண்டியவை: தெளிவாக ஓடிய ஓடை திடீரென்று செம்மண் கலங்கலாக மாறுவது, அல்லது மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடையில் தண்ணீர் சட்டென்று குறைவது. மேலே எங்கோ மண் விழுந்து தண்ணீரை அடைத்திருக்கலாம். வீட்டுக்குப் பின்னால் தரையில் புது விரிசல், மின்கம்பமோ மரமோ சாய்வது, கதவு திடீரென்று இறுகிக்கொள்வது. இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும், குறிப்பாக இரவில், சாமான் எடுக்க நிற்காமல் ஓடைப் பள்ளத்தை விட்டு விலகி மேடான இடத்துக்குப் போய்விடுங்கள். அப்புறம் அக்கம்பக்கத்துக்குச் சொல்லுங்கள்.

20 செ.மீ. மழை என்றால் எவ்வளவு தண்ணீர்?

ஒரு சென்ட் நிலத்தில் சுமார் 8,000 லிட்டர். செய்தியில் வரும் ஒரு நாள் அளவு, முந்தைய நாள் காலை 8.30 மணி முதல் அன்று காலை 8.30 வரை பெய்தது.