ஓடிபி கேட்காமல் பணம் எடுப்பார்களாம், கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் மகள் எம்.எஸ். படிக்க ஜெர்மனி போய் ஒரு மாதம் ஆகிறது. அங்குள்ள மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறது. கையெழுத்துப் போட்டால் மாதாமாதம் அவர்களே கணக்கிலிருந்து பணம் எடுத்துக்கொள்வார்களாம். ஓடிபி, பின் எதுவும் கேட்காதாம். பயமாக இருக்கிறது. இன்னொன்று, இங்கே தெரிந்த ஒருவர், ரூபாயை அவரிடம் கொடுத்தால் வங்கியைவிட நல்ல ரேட்டில் மகள் கணக்கில் யூரோ போடுவதாகச் சொல்கிறார். செய்யலாமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: கையெழுத்தைத் தாராளமாகப் போடச் சொல்லுங்கள். ரூபாயை அந்த ஆளிடம் கொடுக்காதீர்கள். நீங்கள் பயப்பட வேண்டியது இரண்டாவது விஷயத்துக்குத்தான்.

அந்தப் படிவத்தின் பெயர் செபா லாஸ்ட்ஷ்ரிஃப்ட். வீட்டுக்கடன் தவணைக்கு நாம் இங்கே முன்பு ஈசிஎஸ், இப்போது நாச் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோமே, அதே சங்கதிதான். ஜெர்மனியில் போன் பில், ஜிம் கட்டணம் என்று பாதி வாழ்க்கை இதில்தான் ஓடுகிறது. யூபிஐ பழகிய நமக்கு, நாம் பட்டனை அழுத்தாமல் பணம் போவது திக்கென்றுதான் இருக்கும். ஆனால் பாதுகாப்பு பின்னால் இருக்கிறது. எடுத்த பணத்தை, காரணமே சொல்லாமல், 8 வாரத்துக்குள் வங்கியிடம் கேட்டுத் திரும்ப வாங்கலாம். மகள் கையெழுத்தே போட்டுக் கொடுக்காத யாரோ எடுத்திருந்தால் 13 மாதம் வரை அவகாசம். மகள் வாரம் ஒருமுறை கணக்கைத் திறந்து பார்த்தாலே போதும்.

ஆனால் இந்த உரிமையைக் காப்பீட்டுப் பணத்தில் மட்டும் காட்ட வேண்டாம். கையில் காசு குறைவாக இருக்கிறது, இந்த மாதப் பணத்தைத் திரும்ப வாங்கிச் சமாளிப்போம் என்று சில பிள்ளைகள் நினைக்கிறார்கள். பணம் திரும்பி வரும், பாக்கி அப்படியே நிற்கும். இரண்டு மாதப் பாக்கி சேர்ந்தால் அவசரச் சிகிச்சை போன்ற சிலவற்றைத் தவிர மற்றதை நிறுத்திவைப்பார்கள். பல்கலைக்கழகத்தில் அடுத்த செமஸ்டர் பதிவிலும் சிக்கல் வரும். கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினாலும் இதே கதைதான், அபராதமும் சேரும். விசாவுக்காக முடக்கிவைத்த பணத்திலிருந்து மாதம் 992 யூரோ வருகிறது அல்லவா? காப்பீட்டுப் பணத்தைப் பெரும்பாலும் மாதத்தின் நடுவில் எடுப்பார்கள். அதுவரை ஒரு 150 யூரோவைத் தொடாமல் வைக்கச் சொல்லுங்கள்.

இனி அந்த நல்ல ரேட் ஆள். 20 வருடம் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். நீங்கள் இங்கே கொடுக்கும் ரூபாய் கடல் தாண்டுவதே இல்லை. அங்கே மகள் கணக்கில் விழும் யூரோ, முன்பின் தெரியாத யாரோ ஒருவருடையது. அது ஏதோ ஒரு ஜெர்மன் பாட்டியை போனில் ஏமாற்றிப் பறித்த பணமாகக்கூட இருக்கலாம். அந்தப் பாட்டி புகார் கொடுத்தால் போலீஸ் முதலில் போய் நிற்கும் இடம் உங்கள் மகளின் கணக்கு. வங்கி கணக்கை மூடிவிடும். அந்த நாட்டுச் சட்டத்தில், கடும் அலட்சியத்தால் செய்தாலும், குற்றத்தில் வந்த பணத்தைக் கைமாற்றிய குற்றம்தான். தெரியாமல் நடந்துவிட்டது என்றால் விட்டுவிட மாட்டார்கள். இங்கேயும் இது ஃபெமா எனும் அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு விரோதம். ஈரோட்டிலிருந்து ஓர் அம்மா என்னிடம் வந்து அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மகன் யாருக்கோ யூரோ கொடுத்திருக்கிறான், பதிலுக்கு இங்கே அந்த அம்மாவின் கணக்கில் ரூபாய் வந்திருக்கிறது. அந்த ரூபாய் சைபர் மோசடிப் பணம். வேறு மாநிலப் போலீஸ் கணக்கை முடக்கிவிட்டது, ரேஷனுக்குக்கூட எடுக்க முடியவில்லை.

வங்கி மூலமாகவே அனுப்புங்கள். கமிஷன் இல்லை என்ற விளம்பரத்தை நம்பி ஏமாறாதீர்கள், லாபத்தை ரேட்டிலேயே வைத்திருப்பார்கள். ஒரு லட்சம் கொடுத்தால் அங்கே எத்தனை யூரோ சேரும் என்று மட்டும் கேளுங்கள். அந்த ஒரு எண்ணைச் சொல்வதற்கு நம் வங்கிக் கவுன்ட்டர்களில் மூன்று மேஜைக்கு அலையவிடுகிறார்கள். எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த அலைச்சலைத் தாங்க முடியாதவர்களைத்தான் அந்தப் புரோக்கர்கள் பிடிக்கிறார்கள். அப்புறம், இங்கே மகள் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றியாக வேண்டும். இன்னும் மாற்றவில்லை என்றால் இந்த மாதமே எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஜெர்மனியில் வங்கிக் கார்டு ஒரு கடிதத்தில், பின் எண் இன்னொரு கடிதத்தில் வரும். பணம் எடுக்க முடியவில்லை என்ற நோட்டீஸும் காகிதத்தில்தான் பெரும்பாலும் வரும். தபால் பெட்டியில் பெயர் இல்லை என்றால் தபால்காரர் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார். பெட்டியில் பெயர் ஒட்டியாச்சா என்று இன்று ராத்திரி போனில் பேசும்போதே கேட்டுவிடுங்கள்.